கைப்பிடி வைத்த குன்று

மாற்றுத்திறனாளர் மலைச்சைக்கிள் வளர்ச்சிச் சமிதியின் தென்மண்டல அலுவலகம் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு உண்டு, ஒருவர் இறங்கினால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய படிக்கட்டு. இதைக் கேள்விப்பட்டுச் சிலர் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. சமிதியின் செயலர் ஜெயதாஸ் இதற்கு எப்போதோ விளக்கம் கொடுத்துவிட்டார். "படிக்கட்டு எங்கள் துறை அல்ல. எங்கள் துறை மலை" என்றார்.

ஜெயதாஸும் மற்ற நிர்வாகிகளும் பேசியது பெரும்பாலும் மலையாளத்தில். நான் தமிழில் தருகிறேன். சொற்கள் மாறியிருக்கும், வீக்கம் அப்படியே இருக்கிறது.

சமிதிக்குத் தலைவர் உண்டு, துணைத் தலைவர்கள் உண்டு, பொருளாளர் உண்டு, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் உண்டு. முத்திரை உண்டு. கால் அசையாதவர்கள் கையால் பெடல் சுற்றி மலையில் ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியிருந்தது. ஒரே ஒரு குறைதான். நடக்க முடியாத ஆள் ஒருவர்கூடச் சமிதியில் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவள் ஜோஸ்னா.

ஜோஸ்னா உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனர். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை சாலையோரம் சிரித்துக்கொண்டிருக்கும் தலைவர்களில் பாதிப் பேருக்கு அவள்தான் பருவை அழித்து, நரையைக் கறுப்பாக்கி, இல்லாத தாடையைக் கொடுத்திருக்கிறாள். சில வருஷங்களுக்கு முன்னால் அமரவிளை வளைவில் அவள் ஸ்கூட்டரை ஒரு டாங்கர் லாரி தட்டிவிட்டுப் போனது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. யாராவது துக்கம் விசாரித்தால், "இடுப்புக்குத் தாழ ரேஞ்சு இல்ல, அவ்வளவுதான்" என்பாள்.

நடக்க முடியாமல் போனது அவளுக்குப் பழகிவிட்டது. வேகம் இல்லாமல் போனதுதான் பழகவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பனவிளைக் குன்றிலிருந்து பிரேக் பிடிக்காமல் சைக்கிளில் இறங்கிப் பள்ளிக்கூடம் போனவள் அவள். இப்போது வீல்சேரை எல்லோரும் மெதுவாகத் தள்ளினார்கள். அன்புள்ளவர்கள் இன்னும் மெதுவாகத் தள்ளினார்கள். அம்மா ரத்னபாய், தள்ளுகிறவர் யாராக இருந்தாலும் பக்கத்தில் நடந்துகொண்டே, "பய்ய மக்கா, பய்ய" என்று சொல்லிக்கொண்டு வருவாள்.

ஒருநாள் மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபோது ஒரு வீடியோ வந்தது. எந்த நாடோ தெரியவில்லை. காலைப் பட்டையால் கட்டிய ஒரு பெண் மூன்று சக்கர வண்டியில் காட்டு இறக்கத்தில் பாய்ந்து வந்து, சேற்றில் நின்று, முகமெல்லாம் மண்ணோடு சிரித்தாள். ஜோஸ்னா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சோறு ஆறிவிட்டது. வாழ்க்கையில் இனி வேறு ஒன்றும் வேண்டாம், அந்த மாதிரி ஒரே ஒரு தடவை இறங்கினால் போதும் என்று நினைத்தாள்.

அதே வாரம் சமிதியின் பிளெக்ஸ் வேலை அவள் கடைக்கு வந்தது. "மலை உங்களுக்கும்! கால் வேண்டாம், மனம் போதும்! தொடக்கநிலைப் பயிற்சி." முதலில் நடுவில் பெரிதாக வண்டியின் படம் இருந்தது. ஜெயதாஸ் போனில் திருத்தம் சொன்னார். தலைவரின் முகம் கொஞ்சம் பெரிதாகட்டும். துணைத் தலைவர்கள் வருத்தப்படுவார்கள், அவர்களும் பெரிதாகட்டும். என்னையும் ஓரமாகப் போடுங்கள். ஓரம் என்றால் அவ்வளவு ஓரம் வேண்டாம். கடைசியில் வண்டி தலைவரின் காதுக்குப் பின்னால் போய், ஒரு சக்கரம் மட்டும் கம்மல் போலத் தெரிந்தது.

"சார், வண்டி நெசமாட்டு உண்டா?" என்று கேட்டாள் ஜோஸ்னா.

"உண்டு. எதற்குக் கேட்கிறாய்?"

"எனக்கு ஓட்டணும். எனக்கு நடக்க ஒக்காது சார், வீல்சேரிலாக்கும்."

மறுமுனையில் ஜெயதாஸின் குரல் நெகிழ்ந்துபோய் வந்தது. "அப்படியா! ரொம்ப சந்தோஷம்!" என்றார்.

மறுநாள் டெனில் அண்ணனின் ஆட்டோவில் அம்மாவோடு புறப்பட்டாள். டெனில் அவளுடைய பெரியப்பா மகன். நாற்பது வயது. உலகத்தில் நடக்கும் எதிலும் திருப்தி இல்லாதவன். ஆட்டோ துணிக்கடை முன்னால் நின்றதும் ஜெயதாஸ் ஒரு போட்டோகிராபரோடு இறங்கி வந்தார். விண்ணப்பிக்கத் துணிந்ததற்காக ஆட்டோவுக்குள்ளேயே அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். பிறகு அவளை வீல்சேரில் இறக்கி, முழு வீல்சேரும் படத்தில் விழ வேண்டும் என்பதால் ரத்னபாயைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

"வண்டி எங்க சார்?" என்றாள் ஜோஸ்னா.

"மேலே. பத்திரமாக இருக்கிறது."

டெனில் மாடியை அண்ணாந்து பார்த்தான். "நடக்க ஒக்காதவனுவ ஓட்டுக வண்டிய ரெண்டாம் மாடியில கொண்டு வச்சிருக்கியளா?"

"சுமட்டுத் தொழிலாளிகள் கஷ்டப்பட்டுத்தான் ஏற்றினார்கள்" என்று ஜெயதாஸ் பெருமையாகச் சொன்னார். பிறகு தன் போனில் வண்டியின் படத்தைக் காட்டினார். ஜோஸ்னா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கால் வைக்கிற இடத்தில் பஞ்சு வைத்த தொட்டி, கைக்கு நேராகப் பெடல், மரவள்ளிக் கிழங்கு போலத் தடித்த டயர்.

"எப்பம் ஓட்டலாம் சார்?"

"உத்காடனம், அதாவது திறப்பு விழா, முடியாமல் யாரும் தொடக்கூடாது. சமிதியின் விதி. உத்காடனம் முடிந்ததும் வண்டி அடுத்த மாவட்டத்துக்கு உத்காடனத்துக்குப் போய்விடும். தென்மண்டலத்துக்கு ஒரே வண்டிதான்."

"அப்பம் நான் எப்பம் ஓட்டுகது?"

"உத்காடனத்தன்று ஒரு தடவை. தொடக்கநிலை என்று தெளிவாகப் போட்டிருக்கிறோமே. தொடங்கினால் போதும்" என்றார் ஜெயதாஸ்.

ஒரு தடவை என்றதே ஜோஸ்னாவுக்குப் போதுமாக இருந்தது. அவள் கேட்டதும் அதுதான். பக்கத்தில் ஏதாவது குன்று உண்டா என்று ஜெயதாஸ் கேட்டபோது, சந்தோஷத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுக்குப் பின்ன உண்டு சார். பனவிளைக் குன்னு."

பயிற்சி அதியன்னூரில் ஒரு மண்டபத்தில் தொடங்கியது. பயிற்சி பெற ஜோஸ்னாவும் தாசையனும் வந்தார்கள். தாசையன் சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்த மனிதர்; மலையைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது, வகுப்பின் இடையில் கொடுக்கும் பரிப்புவடைக்காக வந்தார். பயிற்சி கொடுக்க வந்தவர்களுக்குத்தான் நாற்காலி போதவில்லை. ஒருவர் சக்கரத்தின் வரலாறு சொன்னார். ஒருவர் மலைகளை வகைப்படுத்தினார். தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் கொச்சியிலிருந்து காரில் வந்து, விளக்கை அணைக்கச் சொன்னார்.

"கண்ணை மூடுங்கள். நீங்கள் மலை உச்சியில் இருக்கிறீர்கள். காற்று அடிக்கிறது. மலை தெரிகிறதா?"

"தெரியுது சார்" என்றார் தாசையன். "வண்டிதான் தெரியல்ல."

"வண்டி உங்களுக்குள்ளே இருக்கிறது" என்றார் பேச்சாளர். அன்று சாயங்காலமே இருவருக்கும் மனத்தளவில் மலையிறக்கம் முடித்ததற்கான சான்றிதழும் பொன்னாடையும் கிடைத்தன. சான்றிதழில் தலைவர் படம் இருந்தது.

அதற்கடுத்து வந்ததுதான் அனுபவ நாள். மாற்றுத்திறனாளர்களின் வலியை நிர்வாகிகள் உணராமல் எப்படித் திட்டம் நடத்துவது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். எனவே மேலே இருந்த வண்டியைக் கீழே இறக்கி, பனவிளைக் குன்றின் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். உத்காடனத்துக்கு முன்னால் தொடக்கூடாதே என்று ஜோஸ்னா கேட்டாள். இது ஓட்டம் அல்ல, உணர்தல் என்று ஜெயதாஸ் விளக்கினார்.

தலைவர் முதலில் உட்கார்ந்தார். கால்களைப் பட்டையால் கட்டினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய அந்தப் பெரிய மனிதர் ரப்பர் மரங்களுக்கு நடுவே, "ஹூய்!" என்று கூவிக்கொண்டு குன்றிலிருந்து இறங்கினார். பிறகு துணைத் தலைவர்கள் இறங்கினார்கள். செயலர் இறங்கினார். தலைவர் இன்னொரு தடவை உணர வேண்டும் என்றார். பொருளாளரின் மனைவியும் மைத்துனரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள், அவர்களும் உணர்ந்தார்கள். அடிவாரத்தில் ஜோஸ்னாவையும் தாசையனையும் வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொருவர் வந்து சேரும்போதும் கைதட்டச் சொன்னார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "இந்த வலியை அனுபவித்தால்தான் தெரியும்" என்றார்.

ஜோஸ்னா அன்றைக்குத்தான் வண்டியை நேரில் பார்த்தாள். சரளைக் கல்லில் டயர் உருண்டு வரும் சத்தம் கேட்கும்போது அவளுடைய கைகள் தாமாகவே மடியில் சுற்ற ஆரம்பித்தன. கடைசி நிர்வாகியும் இறங்கி முடித்ததும் ஜெயதாஸைக் கூப்பிட்டாள். "சார், எனக்கு ஒரே ஒருக்க?"

ஜெயதாஸ் அவள் தலையில் கை வைத்தார். "மோளே, உனக்கு எதற்கு? உனக்குத்தான் அனுபவம் ஏற்கெனவே இருக்கிறதே."

ஜோஸ்னா மடியில் சுற்றிக்கொண்டிருந்த கைகளைக் கோத்து நிறுத்தினாள்.

அன்று பொருளாளரின் மைத்துனர் ஒரு ரப்பர் மரத்தில் மோதி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். உணர்ந்தவர்களில் ரத்தம் வந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் சமிதியில் பெரிய பரபரப்பு உண்டாயிற்று. பாதுகாப்புக் கூட்டம் கூடியது. மாடியில் கூடியதால், ஜோஸ்னா கீழே ஆட்டோவில் இருந்தபடி போனில் கலந்துகொண்டாள். ஓய்வுபெற்ற பொறியாளர்தான் அன்றைய நாயகர். வேலையில் இருந்த காலத்தில் அவர் கட்டிய பாலம் ஒன்று இன்னும் நிற்கிறது. அதற்கு இரு பக்கமும் சாலை மட்டும் இல்லை.

பொறியாளர் பேசினார். "மாற்றுத்திறனாளர் ஏறி இறங்கும் எந்த அமைப்பும் பன்னிரண்டடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் உயரக்கூடாது. இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். இது விதி. நான் போய்ப் பார்த்தேன். இந்தக் குன்று விதியை மீறி உயர்ந்து நிற்கிறது. எந்த அனுமதியும் வாங்காமல் நிற்கிறது."

"சார், அது வீல்சேர் ஏறுக சாய்தளத்துக்கு உள்ள கணக்காக்கும்" என்றாள் ஜோஸ்னா போனில். "ஆஸ்பத்திரி வாசல்ல கெட்டுவினுமே, அது. இது குன்னு."

"குன்று என்பது என்ன? பெரிய சாய்தளம்" என்றார் பொறியாளர்.

"அப்பம் உங்க ஆபீசுக்குச் சாய்தளம் உண்டா சார்?"

"இது பழைய கட்டிடம். பழைய கட்டிடங்களுக்கு விதிவிலக்கு உண்டு."

"குன்னு அதவிடப் பழசு சார்."

பக்கங்களைப் புரட்டும் சத்தம் போனில் கேட்டது. பிறகு பொறியாளர் சொன்னார். "குன்றின் வயதுக்கு ஆதாரம் தாக்கல் செய்யப்படவில்லை."

குன்றை வெட்டி விதிக்குள் கொண்டுவரும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. டெனில் ஆட்டோ சீட்டில் ஓங்கிக் குத்தினான். "சவங்க!" என்றான். அவன் அன்றைக்குச் சொன்ன மற்றவற்றை அச்சில் போட முடியாது.

கேரளத்தில் ஒரு குன்றை இடித்து மண் எடுப்பது சாதாரணக் காரியம் அல்ல. ஆயிரம் அனுமதி வேண்டும், ஆயிரம் பேர் எதிர்ப்பார்கள். ஆனால் மாற்றுத்திறனாளர் நலனுக்காக இடிப்பதை யார் எதிர்ப்பது? எதிர்க்கும் ஆள் கல்நெஞ்சன் ஆகிவிடுவான். எல்லா மேசைகளிலும் அந்தக் கோப்பு கண்ணீர் மல்கியபடி நகர்ந்தது. ஜேசிபி வந்தது. டிப்பர் லாரிகள் வந்தன. அவை தலைவரின் மனைவியுடைய தம்பிக்குச் சொந்தமானவை என்பதும், சாலையோரம் அவர் வாங்கிப் போட்டிருந்த வயலுக்கு அந்தச் சமயத்தில் நிறைய மண் தேவைப்பட்டது என்பதும் தற்செயல். தலைவரே மேடையில் அப்படித்தான் சொன்னார், யாரும் கேட்காமலே.

குன்றின் முன்பக்கம் நாளுக்கு நாள் குனிந்தது. செம்மண் தூசி ஜோஸ்னாவின் வீட்டுச் சாப்பாட்டில் விழுந்தது, கிணற்றில் விழுந்தது, காயப்போட்ட துணியில் விழுந்தது. பக்கத்து வீட்டு ஜிஜா, சுவரில் விட்ட விரிசலைக் காட்டிக்கொண்டு வேலிக்கு அப்புறம் நின்றாள்.

"ஒனக்காண்டியாக்குமே ஜோஸ்னா இந்த குன்ன இடிக்கினும்? பாவம், ஒனக்குக் கால் வய்யாதுதான். அதுக்கு ஊரு முழுக்க மண்ணு தின்னணுமா?"

"அவ குன்ன இடிக்கச் சொன்னாளாக்கும்? நாக்கு இருக்குன்னு பறையாத" என்று ரத்னபாய் பாய்ந்தாள். ஆனால் உள்ளே வந்து பார்த்தபோது ஜோஸ்னா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். விபத்துக்குப் பிறகுகூட அவள் இப்படி அழுததில்லை. ஓட ஆசைப்பட்ட இறக்கத்தையே தன் பெயரைச் சொல்லி வெட்டிக்கொண்டு போகிறார்கள். குன்றின் பெயரைச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

அடுத்த பிளெக்ஸ் வந்தது. "மலை பணிந்தது!" அதையும் அவள்தான் டிசைன் செய்தாள். ஜேசிபியின் படம் நன்றாக விழுந்திருந்தது. வண்டி இந்தத் தடவை இடம் பெறவில்லை.

வேலை முடிந்தபோது பனவிளைக் குன்று ஆஸ்பத்திரி வராந்தா போல ஆகிவிட்டது. பன்னிரண்டடிக்கு ஓரடி என்று சாந்து பூசிய பாதை, இரு பக்கமும் பளபளக்கும் ஸ்டீல் கைப்பிடி, வழுக்காத டைல்ஸ், "மெதுவாகச் செல்லவும்" என்று ஒரு பலகை. பின்பக்கத்தில் மட்டும் டிப்பர்கள் ஏறி இறங்கிய பாதை அப்படியே கிடந்தது. செங்குத்தான செம்மண் பாதை, டயர் தடங்கள் பள்ளமாக விழுந்து, கீழே வாழைத்தோட்டத்தில் போய் முடிந்தது. அது லாரிகளுக்கானது, விதிக்கு உட்பட்டது அல்ல என்று பொறியாளர் அதை விட்டுவைத்திருந்தார்.

உத்காடன நாள் வந்தது. வெட்டித் தட்டையாக்கிய உச்சியில் பந்தல், மேடை, குத்துவிளக்கு, நாற்காலிகள். மேடைக்குப் பின்னால், அப்பால் இருப்பது தெரியாத அளவுக்கு நிறைய வாழைக்குலை கட்டியிருந்தார்கள். டெனில் ஆட்டோவை டிப்பர் பாதை வழியாக உறுமவிட்டு ஏற்றி ஜோஸ்னாவையும் ரத்னபாயையும் கொண்டுவந்தான். புதிய பாதையில் ஆட்டோ ஏறினால் டைல்ஸ் அழுக்காகும் என்று தடுத்துவிட்டார்கள். தாசையனும் அதே ஆட்டோவில் வந்தார்.

முதலில் வண்டியைப் பாதையின் தலைப்பில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வண்டி உள்ளே போகவில்லை. நேராகத் தள்ளிப் பார்த்தார்கள், சாய்த்துத் தள்ளிப் பார்த்தார்கள். துணைத் தலைவர்கள் இருவர் பின்னாலிருந்து முட்டிப் பார்த்தார்கள். கைப்பிடிகளின் இடைவெளி வீல்சேருக்கு உரிய அளவு. வண்டியின் சக்கரங்கள் அதைவிட அகலம்.

எல்லோரும் பொறியாளரைப் பார்த்தார்கள். பொறியாளர் டேப்பை நீட்டி இரண்டையும் அளந்தார். "பாதை சரியாக இருக்கிறது. வண்டிதான் அளவை மீறியிருக்கிறது" என்றார். அதைக் கேட்டுத் தலைவருக்கு நிம்மதி ஏற்பட்டது.

"அப்பம் நான்?" என்றாள் ஜோஸ்னா.

ஜெயதாஸ் அவசரத்தில் இருந்தார். விளக்கேற்ற வரும் பிரமுகரின் கார் உதியன்குளங்கரை தாண்டிவிட்டதாகப் போன் வந்திருந்தது. "நீ வண்டியில் உட்கார், ஒரு படம் எடுப்போம். உட்கார்ந்தாலே ஓட்டியதாகத்தான் கணக்கு. பிறகு மேடையில் உன்னைக் கௌரவிக்கிறோம். சாயங்காலம் வண்டியை லாரியில் ஏற்ற வேண்டும்."

"எனக்குக் கௌரவம் வேண்டாம் சார். பொன்னாட அலமாரியில எடம் இல்லாம கெடக்கு. எனக்கு ஓடணும்."

"அடுத்த நிதியாண்டில் பார்ப்போம், மோளே" என்று சொல்லிவிட்டு அவர் மாலையை எண்ணப் போனார்.

வண்டி இடைஞ்சலாக இருக்கிறது என்று மேடைக்குப் பின்னால், டிப்பர் பாதையின் தலைப்பில் கொண்டுபோய், முன் சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தினார்கள். டெனிலும் ரத்னபாயும் ஜோஸ்னாவைத் தூக்கி அதில் உட்கார வைத்து, வண்டியோடு வந்த ஹெல்மெட்டை மாட்டி, கால்களைப் பட்டையால் கட்டினார்கள். போட்டோகிராபர் படம் எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினார். அவளுடைய வீல்சேரை ஒரு துணைத் தலைவர் அக்கறையோடு தள்ளிக்கொண்டுபோய் மேடையில் முன்வரிசையில் நிறுத்தினார். கௌரவிக்கப்படும்போது தயாராக இருக்கட்டும் என்று.

பிரமுகர் வந்தார். விளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை தொடங்கியது. ஒலிபெருக்கி அடிவாரம் வரை கேட்டது.

ஜோஸ்னா கீழே பார்த்தாள். செம்மண் பாதை விழுந்து, வளைந்து, வாழைகளுக்குள் போயிற்று. கைப்பெடலைப் பிடித்தாள். பிரேக்கை அழுத்தி விட்டுப் பார்த்தாள். "டெனில் அண்ணா," என்றாள், "அந்தக் கல்ல எடு."

டெனில் தயங்கினான். அவன் ரத்னபாயைப் பார்த்தான்.

ரத்னபாய் மகளுடைய ஹெல்மெட்டின் வாரை இழுத்து இறுக்கினாள். "விழுந்தா என்ன செய்வ மக்கா?"

"விழுந்தா விழுந்துட்டு போறேன் அம்மா. இனி என்ன ஒடியதுக்கு இருக்கு?"

ரத்னபாய் குனிந்தாள். கல்லை அவளே எடுத்தாள். "வேகம் போ," என்றாள். "அவனுவ விளிக்கதுக்கு முன்ன."

வண்டி நகர்ந்தது. பிறகு அது நகர்தல் இல்லை. டயர் தடத்தில் இறங்கி ஏறித் தூக்கிப் போட்டது. தோள்கள் குலுங்கின. பல் கிட்டியது. காற்று கண்ணில் அடித்துத் தண்ணீர் வர வைத்தது. அவள் பிரேக்கைத் தொடவில்லை. வளைவில் உடம்பைச் சாய்த்தாள், வண்டி கேட்டது. கைகள் இருக்கிற இடம்வரை அவள் முழுசாக இருந்தாள். அதற்குக் கீழேயும் ஏதோ அதிர்வது போலத் தோன்றியது. அது பொய்யாக இருக்கலாம். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கத்திக்கொண்டே வாழைத்தோட்டத்துக்குள் பாய்ந்து, ஈர மண்ணில் சக்கரம் புதைந்து நின்றாள். முகமெல்லாம் சேறு.

மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "நாம் இல்லாவிட்டால் இவர்களுக்கு யார்? இவர்கள் இல்லாவிட்டால் நமக்கு என்ன வேலை? ஒரு மலையையே குனிய வைத்தோம். இனி இந்த நாட்டில் எந்த மாற்றுத்திறனாளரும் வேகமாகப் போய் ஆபத்தில் விழ வேண்டியதில்லை!"

பலத்த கைதட்டல். "ஜோஸ்னாவைப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறோம்" என்று ஜெயதாஸ் அறிவித்தார். பிரமுகர் பொன்னாடையை விரித்துக்கொண்டு வீல்சேரை நெருங்கினார். வீல்சேர் காலியாக இருந்தது. பிரமுகர் ஒரு கணம் நின்றார். அவருக்கு அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகியிருந்தது, பொன்னாடையை விரித்தாயிற்று, கேமராக்கள் உயர்ந்துவிட்டன. வீல்சேரின் சாய்வு மீது பொன்னாடையைப் போர்த்தினார், சரியாமல் இழுத்துவிட்டார், கைகூப்பினார். தலைவரும் செயலரும் இரு பக்கமும் நின்று சிரித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வாழ்த்துரைகள் ஆரம்பமாயின. மேடையில் இருந்த ஒவ்வொருவரும் வாழ்த்தினார்கள். மேடையில் இடம் கிடைக்காதவர்களும் வந்து வாழ்த்தினார்கள். சமிதி செய்த ஒரே நல்ல காரியம் இதுதான். டெனில் கயிறு கட்டி ஆட்டோவால் வண்டியை மேலே இழுத்து வந்தான். ஜோஸ்னா மறுபடியும் இறங்கினாள். மறுபடியும் இறங்கினாள். பிறகு தாசையனை உட்கார வைத்தார்கள். அவர் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். வாழைத்தோட்டத்தில் சேறும் சிரிப்புமாகக் கிடந்தார்.

"கண்ணத் தொறந்துதான் வச்சிருந்தேன் பிள்ளே," என்றார். "எல்லாம் தெரிஞ்சுது."

நன்றியுரை முடியும்போது வண்டி பழைய இடத்தில் கல் வைத்து நின்றது. மேடையிலிருந்து வீல்சேரை எடுத்து வந்தான் டெனில். ஜோஸ்னா அதன் மேலிருந்த பொன்னாடையை உருவி முகத்தைத் துடைத்தாள், பிறகு வண்டியின் டயரைத் துடைத்தாள். சாயங்காலம் வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டி அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அது போவதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. லாரி அமரவிளை வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் கடைக்கு வெற்றிவிழா பிளெக்ஸ் வேலை வந்தது. ஜெயதாஸ் படத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்தார். "மேடையில் எடுத்ததுதான், நல்ல படம். பெரிய அளவில் வேண்டும். 'எங்கள் ஜோஸ்னா மலையை வென்றாள்' என்று கீழே போட்டுவிடு."

ஜோஸ்னா படத்தைத் திறந்தாள். பிரமுகர், தலைவர், செயலர், எல்லா முகமும் தெளிவாக இருந்தது. நடுவில் பொன்னாடை போர்த்திய காலி வீல்சேர். அவள் எதையும் மாற்றவில்லை. பருவை அழித்தாள், நரையைக் கறுப்பாக்கினாள், சொன்ன வாசகத்தைச் சொன்ன இடத்தில் போட்டு அனுப்பினாள்.

அமரவிளையில் சாலையோரம் அந்தப் பிளெக்ஸ் இப்போதும் தொங்குகிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கும் நன்றாகத் தெரியும் அளவு. சமிதி நிர்வாகிகள் அனைவரும் வந்து, கீழே நின்று, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரே ஒரு குறைதான் வந்தது. தலைவரின் முகத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கலாமாம். நடுவில்தான் அவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதே என்றாராம் ஜெயதாஸ்.